கப்பல் கட்டிய கரையில் ஒரு பட்டறை வாடகைக்கு

லண்டனின் கிழக்குப் பக்கத்தில் தேம்ஸ் நதி அகன்று வளையும் வுலிச் பகுதியில், வெள்ளத் தடுப்பு மதகுகளுக்கு எட்டும் தூரத்தில், பழைய தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. தேம்ஸ்-சைடு ஸ்டூடியோஸ் என்று பெயர். ஓவியர்கள், சிற்பிகள், அச்சுக்கலைஞர்கள், மண்பாண்டம் வனைபவர்கள், நகை செய்பவர்கள் என 500 பேருக்கு மேல் அங்கே அறை அறையாக வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறார்கள். அங்கிருந்து கரையோரமாகக் கொஞ்சம் கிழக்கே போனால், எட்டாம் ஹென்றி 1512இல் தொடங்கிய அரச கப்பல் தளத்தின் மிச்சங்கள்: ஒரு மணிக்கூண்டுக் கட்டடம், நீராவிப் பட்டறையின் உயரமான புகைபோக்கி, தண்ணீர் தேங்கிய இரண்டு கப்பல் துறைகள். டார்வின் ஏறிப்போன பீகிள் கப்பல் 1820இல் நீரில் இறங்கியது இங்கேதான். நதியில் மேற்கே சில மைல் தள்ளி டெட்ஃபர்ட். அங்கும் ஹென்றி 1513இல் ஒரு தளம் தொடங்கினார். இரண்டும் 1869இல் மூடப்பட்டன. இன்று இந்தக் கரையில் கலைஞர்களுக்கு அறை விடுகிறவர்கள் பலரும் விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: கடற்படைப் பாரம்பரியம் கொண்ட நதிக்கரை. அந்த வரிக்கு உண்மையில் என்ன பொருள், வாடகை கொடுப்பவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்ளலாம். ஸ்டூடியோ என்றதும் நமக்குப் புகைப்படக் கடையோ கோடம்பாக்கமோதான் நினைவுக்கு வருகிறது. இங்கே பேசப்படும் இடங்களுக்குப் பட்டறை என்ற சொல்லே பொருந்தும். தரையில் மரத்தூள் கிடக்கும், சுவரில் வண்ணம் தெறித்திருக்கும், சூளையும் உலோக அறுவை இயந்திரமும் இருக்கும். கப்பல் தளமும் அப்படித்தான் இருந்தது. தச்சர், கொல்லர், கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், செதுக்குபவர், சாயம் பூசுபவர் என்று நூறு வகைக் கையுழைப்பு ஒரே மதிலுக்குள் நடந்த இடம் அது. ஆகவே அதன் பாரம்பரியம் செங்கல்லில் பாதிதான். மீதிப் பாதி அங்கே நடந்த தொழிலில் இருக்கிறது. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகச் சட்டப்படி பட்டியலிட்டால் செங்கல் காக்கப்படும். உள்ளே யார் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பதைப் பட்டியல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது வாடகை ஒப்பந்தம். எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் எழுதியிருக்கும் வரிகள்தான், பழைய கப்பல் தளம் ஒன்று தொழில் நடக்கும் இடமாக நீடிக்குமா, பழைய பெயர் மட்டும் தாங்கிய குடியிருப்பாக மாறுமா என்பதை முடிவு செய்கின்றன. பாரம்பரியக் காப்பு ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்த ஒப்பந்தத்தைத்தான் காட்டுவேன்.

கலைஞர்கள் அங்கே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. கப்பல் கட்டியவர்கள் போனார்கள், காலி இடத்துக்கு ஓவியர்கள் வந்தார்கள் என்பது வழக்கமான கதை. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1637இல் வுலிச்சில் நீரில் இறக்கப்பட்ட ‘சவரின் ஆஃப் த சீஸ்’ என்ற போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் சார்லஸ் மன்னருக்காக பெட் குடும்பத்தார் கட்டியது. நூறு பீரங்கிகளுக்கு மேல் தாங்கியது. அதன் மொத்தச் செலவாகச் சொல்லப்படுவது சுமார் 65,000 பவுண்டு. அதில் செதுக்கலுக்கும் பொன்பூச்சுக்கும் மட்டும் 6,600 பவுண்டுக்கு மேல் போயிற்று. பத்தில் ஒரு பங்கு! அந்தக் காலத்தில் அந்தத் தொகைக்குச் சாதாரணப் போர்க்கப்பல் ஒன்றையே கட்டியிருக்கலாம். அணியம் முதல் அமரம் வரை உருவங்கள், கருப்புப் பின்னணியில் தங்கம். டச்சு மாலுமிகள் அதைத் தங்கப் பிசாசு என்று அழைத்தார்கள். இதற்குப் பணம் திரட்ட மன்னர் விதித்த கப்பல் வரி, பின்னால் உள்நாட்டுப் போரில் கொண்டுபோய்விட்ட மனக்கசப்புகளில் ஒன்றாக ஆயிற்று. அழகுக்காக இவ்வளவு செலவு செய்தது நியாயமா என்பது தனிக் கேள்வி. எனக்கு இங்கே தேவைப்படும் செய்தி வேறு: இந்தக் கரையில் உளியும் தூரிகையும் கோடரியோடு சேர்ந்தே கூலி வாங்கியிருக்கின்றன.

அந்த உறவு நெடுநாள் நீடித்தது. கடற்படை நிர்வாகம் 1703இல் செதுக்கல் வேலையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. 1796இல் மறுபடியும் கட்டுப்படுத்தியது. திரும்பத் திரும்ப உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், அந்த வேலை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்று ஊகிக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலும் அணியத்துச் சிலை செதுக்கும் குடும்பங்கள் தேம்ஸ் கரையில் தொழில் நடத்தின. இன்று கிரீனிச்சில் நிற்கும் ‘கட்டி சார்க்’ கப்பலின் அசல் அணியத்துச் சிலையைச் செய்த ஹெல்லியர் அப்படி ஒரு மரபில் வந்தவர்தான்.

இரண்டு சம்பவங்கள் இதைவிட நேராக நம் பேச்சுக்கு வருகின்றன. டெட்ஃபர்ட் தளத்தை ஒட்டிய சேயஸ் கோர்ட் மாளிகையில் இருந்த ஜான் ஈவ்லின், 1671 ஜனவரியில் வயல் நடுவே ஒரு கூரைக் குடிசையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஓர் இளைஞன் தின்தோரெத்தோவின் சிலுவையேற்ற ஓவியத்தை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் கிரின்லிங் கிப்பன்ஸ். பிற்பாடு செயின்ட் பால் பேராலயத்தின் மரச் சிற்பங்களைச் செய்தவர். ஏன் இப்படி ஒதுக்குப்புறத்தில் இருக்கிறாய் என்று ஈவ்லின் கேட்டதற்கு, இடையூறு இல்லாமல் தொழிலில் மூழ்குவதற்காக என்று பதில் வந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்னொன்று, அதற்கு மூன்று ஆண்டு கழித்து நடந்தது. டச்சுக் கடலோவியர்களான வான் டெ வெல்டெ தந்தை மகன் இருவருக்கும் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் கொடுத்தார். தந்தை கடற்போர்களை நேரில் பார்த்துக் கோட்டோவியமாக வரைய வேண்டும், மகன் அதற்கு வண்ணம் தர வேண்டும். வேலை செய்ய கிரீனிச்சில் ராணி மாளிகையில் இடமும் தந்தார். அந்த இடத்தில் அவர்கள் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். ஆங்கிலக் கடலோவியம் என்று பிறகு வளர்ந்த மரபு முழுவதற்கும் அந்த அறைகள்தான் ஊற்று. ஒருவருக்குத் தேவைப்பட்டது தொந்தரவில்லாத தனிமை; மற்றவர்களுக்குக் கிடைத்தது நிலையான இடமும் நிலையான வருமானமும். பட்டறை வாடகைக்குத் தேடும் கலைஞர் இன்றும் கேட்பது இவற்றைத்தான்.

1869க்குப் பிறகு இந்தக் கரை என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரும்புக் கப்பல்கள் பெருத்தன, நதியில் வண்டல் மேடிட்டது, அரசுக்கு இந்தத் தளங்கள் தேவையற்றுப் போயின. டெட்ஃபர்ட் தளம் 1871இல் வெளிநாட்டு மாட்டுச் சந்தையாயிற்று. பிறகு ராணுவக் கிடங்கு. பிறகு செய்தித்தாள் காகிதம் வந்திறங்கும் துறை. வுலிச் தளத்தின் பெரும்பகுதியில் 1970களில் மாநகராட்சி வீடுகள் எழுந்தன. ஆனாலும் நூறு ஆண்டுக்குமேல் இது உழைப்பின் கரையாகவே இருந்தது. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்து லண்டன் துறைமுகத்தின் உள்நதித் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதுதான் வெறுமை வந்தது.

அந்த வெறுமைக்குள் கலைஞர்கள் நுழைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இன்றைய சிக்கலின் விதை அங்கே இருக்கிறது. 1968இல் பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் தொடங்கிய ஸ்பேஸ் அமைப்பு, அப்போதுதான் மூடப்பட்ட செயின்ட் காதரின் துறையின் கிடங்குகளில் கலைஞர்களுக்கு இடம் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே அந்த இடம் புதுக் கட்டுமானத்துக்காகக் காலி செய்யப்பட்டது. 1972இல் பிறந்த ஆக்மி அமைப்பு, இடிக்கப்படக் காத்திருந்த வீடுகளை மாநகர நிர்வாகத்திடம் தற்காலிகமாக வாங்கிக் கலைஞர்களுக்குக் கொடுத்தது. டவர் பாலத்தருகே பட்லர்ஸ் வார்ஃப் கிடங்குகளில் 1970களில் டெரெக் ஜார்மன் போன்றவர்கள் வேலை செய்தார்கள். 1980களில் அங்கே விலை உயர்ந்த குடியிருப்புகளும் உணவகங்களும் வந்தன. மூன்றிலும் மாதிரி ஒன்றே. யாருக்கும் வேண்டாத இடம், குறைந்த வாடகை, குறைந்த காலம், பிறகு வெளியேற்றம். கலைஞர்கள் அந்தப் பேரத்துக்குத் தெரிந்தே ஒப்புக்கொண்டார்கள் என்பது உண்மை. அன்று அடுத்த காலிக் கிடங்கு பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தது. இன்று அப்படி இல்லை. லண்டன் மேயர் அலுவலகம் 2014இல் வெளியிட்ட பட்டறைகள் பற்றிய ஆய்வு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் சுமார் 3,500 கலைஞர்கள் தம் இடத்தை இழக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. கட்டடங்களை நிரந்தரமாக வாங்கிக் காப்பாற்றவென்று கிரியேட்டிவ் லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையையே 2019இல் தொடங்க வேண்டி வந்தது.

இனி ஒப்பந்தத்துக்குள் போகலாம். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். இங்கிலாந்தில் தொழில் இடத்தை வாடகைக்கு எடுப்பவருக்கு 1954ஆம் ஆண்டின் நில உரிமையாளர்-வாடகைதாரர் சட்டம் ஒரு நல்ல பாதுகாப்புத் தருகிறது: காலம் முடிந்தாலும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை. ஆனால் இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்திலிருந்து விலக்கிவிடலாம். குத்தகை என்று சொல்லாமல் உபயோக அனுமதி என்று எழுதி, நடைமுறையிலும் அது வெறும் அனுமதியாகவே இருந்தால், பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே கிடையாது. சிறு பட்டறைகளுக்குக் கொடுக்கப்படும் காகிதம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. பாதுகாப்பு முழுமையாக இருந்தாலும், கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறேன் என்று உரிமையாளர் நிரூபித்தால் புதுப்பிக்க மறுக்கலாம். இதன் மேல் இன்னொரு அடுக்கு: 2020 செப்டம்பரில் கடை, அலுவலகம், இலகுரகத் தொழில் எல்லாவற்றையும் திட்டச் சட்டம் ஒரே வகுப்பில் போட்டது; 2021 ஆகஸ்டிலிருந்து அந்த வகுப்புக் கட்டடங்களை, சில நிபந்தனைகளுடன், முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்றலாம். பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் கலைஞர்கள் இருப்பது பெரும்பாலும் பட்டியலில் இடம்பெறாத தகரக் கொட்டகைகளிலும் சாதாரணத் தொழிற்கூடங்களிலும்தான். அதாவது, நினைவுச்சின்னமாகிய மணிக்கூண்டு பத்திரமாக இருக்கும். அதன் அருகே சத்தம் எழுப்பிக்கொண்டிருந்த வேலை மறைந்துபோகலாம்.

தொகைக்கு வருவோம். காட்சிக் கலைஞர்களின் வருமானம் பற்றி ஆர்ட்ஸ் கவுன்சிலுக்காகச் செய்யப்பட்ட ஆய்வின்படி, 2015இல் ஒருவர் கலையிலிருந்து மட்டும் ஈட்டியது சராசரியாக 6,020 பவுண்டு. மற்ற வேலைகளையும் சேர்த்தால் 16,150. பின்னால் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட இடைநிலை வருமானம் 12,500 பவுண்டு. முழுநேரக் குறைந்தபட்சக் கூலியைவிட இது நன்றாகவே குறைவு. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 சதுர அடி அறை, சதுர அடிக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 3,000 பவுண்டு. கலையிலிருந்து வரும் 6,020இல் பாதி போயிற்று. பொருளும் சூளைக்கு மின்சாரமும் அதற்கு மேல். வாடகை சதுர அடிக்கு ஐந்து பவுண்டு ஏறினால் ஆண்டுக்கு 1,000 பவுண்டு; அலுவலகம் நடத்தும் நிறுவனத்துக்கு அது ஒன்றுமில்லை, இவருக்கு அது பட்டறையை விட்டுவிடும் காரணம். இதில் சின்னதாகத் தோன்றும் நுணுக்கங்களும் வாழ்வா சாவா என்று ஆகிவிடும். உதாரணமாக, ஒவ்வொரு அறையும் தனித்தனியாக மதிப்பிடப்பட்டு, அதன் வரிமதிப்பு 12,000 பவுண்டைத் தாண்டாமல், அந்தக் கலைஞருக்கு வேறு தொழில் இடமும் இல்லாமல் இருந்தால், சிறுதொழில் சலுகையில் சொத்து வரியே கட்ட வேண்டியதில்லை. முழுக் கட்டடமும் ஒரே சொத்தாக மதிப்பிடப்பட்டால் அந்தச் சுமை வாடகையில் வந்து விழும். அறை எடுக்கும்போது நதி தெரிகிறதா என்று பார்ப்பதைவிட, மதிப்பீடு தனியா மொத்தமா என்று கேட்பதே நல்லது.

வேறு வழி உண்டா? மெட்வே நதிக்கரையில் சாட்டம் அதற்கு நல்ல சான்று. முதலாம் எலிசபெத் காலத்தில் தொடங்கிய தளம் அது; நெல்சனின் ‘விக்டரி’ 1765இல் நீரில் இறங்கியதும், டர்னர் தம் புகழ்பெற்ற ஓவியத்தில் இழுத்துச் செல்லப்படுவதாகக் காட்டிய ‘டெமரேர்’ கட்டப்பட்டதும் அங்கேதான். 1984இல் தளம் மூடப்பட்டபோது சுமார் 7,000 பேர் வேலை இழந்தார்கள். பழைய பகுதியை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அது எடுத்த முடிவுதான் முக்கியமானது: கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அருங்காட்சியகம் ஒரு பகுதி, வீடுகள் ஒரு பகுதி, வாடகைக்குத் தொழிலிடங்கள் ஒரு பகுதி. தச்சர்கள் ஜன்னலும் கதவும் இழைத்த ‘ஜாய்னர்ஸ் ஷாப்’ கட்டடத்தில் இன்று படைப்புத் தொழில் செய்பவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். 1838இல் கட்டிய மூடு சறுக்குத்தளத்தின் பிரமாண்டமான மரக் கூரை இன்னும் நிற்கிறது. எல்லாவற்றையும்விட, 346 மீட்டர் நீளமுள்ள கயிற்றுச் சாலையில் வடம் திரிக்கும் தொழில் இன்றும் வணிகமாகவே நடக்கிறது. அந்தத் தளத்தில் கயிறு திரிப்பு 1618இல் தொடங்கியது. அங்கே போகிறவர் பார்ப்பது வேலையை, வேலையின் பொம்மையை அல்ல. நிலம் விற்று லாபம் பார்க்கும் கட்டாயம் உரிமையாளருக்கு இல்லாததுதான் இதைச் சாத்தியமாக்கியது. நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் கரையில் 1801இல் தொடங்கி 1966இல் மூடப்பட்ட புரூக்ளின் கடற்படைத் தளமும் இதே பாடம்தான். நகரமே அதை வாங்கியது, லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது; 300 ஏக்கரில் கலைஞர் பட்டறைகள் உட்பட 400க்கும் மேற்பட்ட தொழில்கள் இயங்குகின்றன. டெட்ஃபர்ட் ஓடைக் கரையிலும் 1995 முதல் சிறிய அளவில் ஒரு முயற்சி நிற்கிறது: ஆர்ட் இன் பெர்பெச்சுயிட்டி டிரஸ்ட். தன் பெயரிலேயே ‘நிரந்தரம்’ என்று எழுதி வைத்துக்கொண்ட கலைஞர்கள் அவர்கள்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது கனமானது. கலைஞர்கள் போன இடமெல்லாம் விலை ஏறுகிறது, ஏழைகள் வெளியேறுகிறார்கள். அவர்களுக்குச் சலுகை கொடுப்பது அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடுவதாகாதா? ஷாரன் ஜூகின் நியூயார்க் மாடங்களைப் பற்றி 1982இல் எழுதிய நூலிலிருந்து இந்தக் கேள்வி தீவிரமாகவே கேட்கப்பட்டுவருகிறது. டெட்ஃபர்டில் நெடுநாளாக வாழும் உழைக்கும் குடும்பங்களும் கரீபிய, ஆப்பிரிக்க, வியட்நாமியக் குடும்பங்களும் இதைக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள். கலைஞர் வந்து இடத்துக்குப் பெயர் வாங்கித் தருகிறார், அந்தப் பெயர் நில விலையில் சேர்கிறது, உயர்ந்த விலை உரிமையாளர் கைக்குப் போகிறது, கலைஞரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தே வெளியேறுகிறார்கள். குறுகிய ஒப்பந்தம்தான் இந்தச் சுழற்சியைச் சுலபமாக்குகிறது. கலைஞரை இடைக்கால அலங்காரமாக வைத்திருக்க அது உதவுகிறது. 25 ஆண்டுக்கு வாடகை உயர்வு வரம்பிட்ட பட்டறைகள் நிறைந்த நிலத்தை அடுத்த கட்டத்துக்கு விற்க முடியாது. ஆகவே மறுப்பு உண்மையானால், அது நீண்ட குத்தகைக்கே ஆதரவாக வாதிடுகிறது. அதோடு, பட்டறைகளில் கணிசமான பங்கை அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒதுக்கச் சொல்வதும் ஒப்பந்தத்தில் எழுதக்கூடியதே.

வீடு இல்லாத நகரத்தில் பட்டறைக்கு இடம் ஏன் என்பது அடுத்தது. டெட்ஃபர்ட் தளத்தில் 3,500 வீடுகள் கட்ட 2014இல் அனுமதி கிடைத்தது. வீடு தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேம்ஸ் கரையின் வெள்ள அபாய வட்டத்தில் தரைத்தளத்தில் படுக்கையறை வைக்கத் திட்ட அதிகாரிகளே தயங்குவார்கள். பட்டறைக்கு அந்தத் தரைத்தளம் போதும். பாரம் தாங்கும் தரையும் லாரி வந்து நிற்கும் வாசலும் அதற்கு அவசியமும்கூட. சத்தம் என்ற பிரச்சினை உண்டு. முன்பே இருக்கும் தொழிலின் சத்தத்துக்கு ஏற்பப் புதிதாக வரும் குடியிருப்புதான் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை 2018இல் இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் சேர்க்கப்பட்டது. எழுதிவைத்த கொள்கை அது. அமல்படுத்தினால் இரண்டும் ஒரே கரையில் இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி நம்மையும் தொடுகிறது. கடற்படைப் பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது யாருடைய பாரம்பரியம்? 1560களில் அடிமை வணிகப் பயணம் போன ஜான் ஹாக்கின்ஸ் பிற்பாடு அந்தக் கடற்படையின் பொருளாளராக இருந்தவர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினி தன் கப்பல்களைக் கட்டத் தளம் வைத்திருந்தது டெட்ஃபர்டில்தான். சில பத்தாண்டுகள் கழித்துச் சென்னைக் கடற்கரையில் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பிய அதே கும்பினி. இந்தக் கரையில் இழைத்த பலகையில் ஏறித்தான் நம் வரலாற்றின் ஒரு பகுதி வந்து இறங்கியது. ஆக, நங்கூரச் சின்னம் பொறித்த பெயர்ப்பலகை மாட்டி வாடகை வசூலிப்பது போதாது என்கிறவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். அதற்கு மாற்று என்ன? விற்பனைச் சிற்றேடு அந்த வரலாற்றைத் தோண்டாது. தோண்ட அதற்குக் காரணமும் இல்லை. ஓரிடத்தில் பத்து, பதினைந்து ஆண்டு நிலையாக இருந்து, அங்குள்ள ஆவணங்களையும் சேற்றில் கிடக்கும் மரத்துண்டுகளையும் மனிதர்களின் நினைவுகளையும் கிளறிப் பார்க்க நேரம் உள்ள கலைஞர் அதைச் செய்யலாம். மூன்று மாத நோட்டீசில் காலி செய்ய வேண்டியவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

மண்ணும் பாரம்பரியத்தில் சேர்த்திதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடா ஓரத்து ஹண்டர்ஸ் பாயின்ட் கடற்படைத் தளத்தில் 1980களிலிருந்து பெரிய கலைஞர் சமூகம் ஒன்று வேலை செய்கிறது. அதே தளத்தில்தான் 1946 முதல் 1969 வரை கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கியது. 1989இல் அந்த நிலம் மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. ஈயச் சாயமும் கீலும் நூற்றாண்டுகளாகச் சிந்திய எந்தக் கப்பல் தளத்திலும், மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்கள் என்று வாடகைதாரர் கேட்பது முறைதான்.

கடைசி மறுப்பு எனக்குப் பாதி சரி என்றே படுகிறது. ஓவியருக்குச் சலுகை வாடகை என்றால், படகு பழுதுபார்ப்பவருக்கும் வெல்டருக்கும் நாற்காலி பின்னுபவருக்கும் ஏன் இல்லை? கலைஞர் என்ற பட்டத்தைப் பார்த்து இடம் கொடுத்தால், கணினி முன் உட்கார்ந்து விளம்பரம் வடிவமைக்கும் நிறுவனம் படைப்புத் தொழில் என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். கையில் கரி படிந்தவர் வெளியே நிற்பார். பல புதிய கட்டடங்களில் படைப்பிடம் என்று எழுதப்பட்டவை கண்ணாடிச் சுவர்களும் கம்பளமும் கொண்ட அலுவலகங்களாகவே முடிவதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். ஆகவே ஒதுக்கீட்டின் அளவுகோல் தொழிலாக இருக்க வேண்டும்: இங்கே எதையாவது கையால் செய்கிறீர்களா? செதுக்குபவரையும் கொல்லரையும் ஒரே கூலிப் புத்தகத்தில் எழுதிய கப்பல் தளத்தின் வழக்கத்துக்கு அதுவே நெருக்கமானது.

டெட்ஃபர்ட் தளத்தின் நடுவே ஒலிம்பியா என்று அழைக்கப்படும் ஒரு பழைய கொட்டகை நிற்கிறது. 1840களில் இரட்டைச் சறுக்குத்தளத்தின் மேல் எழுப்பியது. வளைந்த இரும்புக் கூரை, உள்ளே பெரும் அகலம். பட்டியலிடப்பட்டது என்பதால் அதை இடிக்க மாட்டார்கள். சுற்றிலும் எழத் திட்டமிட்ட 3,500 வீடுகளுக்கு நடுவே அதுவும் ஒரு பகுதியாக இருக்கும். அதற்குள் சந்தை வரலாம், உணவகங்கள் வரலாம், விழாக்கூடம் வரலாம். ஒரு போர்க்கப்பலே நின்ற அந்தத் தரையில் சிற்பியும் படகுத் தச்சரும் துணி நெய்பவரும் நிற்க வேண்டும் என்றால், கூரையைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தப்புள்ளி எழுதப்படும் அதே நேரத்தில் இன்னொரு காகிதமும் எழுதப்பட வேண்டும்: அதில் 25 ஆண்டு என்ற எண்ணும், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு விலக்கப்படவில்லை என்ற வரியும், வாடகை ஏறக்கூடிய அளவுக்கு ஓர் உச்சவரம்பும் இருக்க வேண்டும்.